சந்தேகம் இருந்தால் கேட்கவும்

மேனுவல் அக்கா எழுதியதை யாரும் படித்ததில்லை. அவள் எழுத்து மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரம், மின்சார அடுப்பு, அறையின் காற்றை ஈரமாக்கும் ஒரு பெட்டி, அந்த ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் இன்னொரு பெட்டி என்று இருபது வருடமாகக் கையேடு, அதாவது மேனுவல், எழுதியவள். ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று மண்டையை உடைத்துக்கொள்வாள். வாங்கியவர்களோ பெட்டியைப் பிரித்த கையோடு பொத்தான்களை எல்லாம் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள். கையேட்டை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு கையேட்டின் கடைசியிலும் அவள் தவறாமல் ஒரு வரி போடுவாள்: "சந்தேகம் இருந்தால் சேவை மையத்தைக் கேட்கவும்." அந்தச் சேவை மையத்தில் மெக்கானிக்காக இருந்தவர்தான் பிறகு அவளுக்குக் கணவரானார். ஆட்கள் அவரைச் சந்தேகம் கேட்க அநேகமாகக் கூப்பிட்டதில்லை. குட்டிச்சுவர் ஆக்கிய பிறகுதான் கூப்பிட்டார்கள்.

"நீ எழுதுறதை ஜனங்க படிச்சாங்கன்னு வை, எனக்கு ஏது வேலை?" என்பார் மெக்கானிக். "நீ பாட்டுக்கு எழுது. அவங்க பாட்டுக்குப் படிக்காம இருக்கட்டும். நம்ம வண்டி ஓடும்."

அவளுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். சிரிப்பை வெளியே காட்டிக்கொள்வாள்.

அப்புறம் கையேடு என்பதே வழக்கொழிந்தது. பெட்டிக்குள் காகிதத்துக்குப் பதிலாக ஒரு கட்டம் போட்ட படத்தை வைத்தார்கள். அதைக் கைபேசியால் பிடித்தால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே வீடியோவில் விளக்குவாள். மேனுவல் அக்காவை மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள். அலைந்து திரிந்து அவள் வந்து சேர்ந்தது ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில். மாடியில் ஒரே ஒரு கூடம், நடுவில் கண்ணாடி தடுத்த ஒரு கூட்ட அறை, ஓயாமல் முனகுகிற ஒரு ஏசி. பழைய வேலையின் பேர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

இங்கே அவளுடைய வேலை என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, கையில் பிடிக்க முடியாத, பையில் போட முடியாத, ஆனால் தூக்கத்தை மட்டும் ஒழுங்காகக் கெடுக்கிற அந்த நாணயத்தை? யார் எந்த நாளில் எதை வாங்கினார், எதை விற்றார் என்ற வரலாறு முழுவதும் அந்த வியாபாரம் நடக்கும் இணையச் சந்தையின் கணினியில் கிடக்கும். அதைத் தேடி எடுத்துக் கொடுக்கும் ஒரு கருவியை இந்தக் கம்பெனி செய்திருந்தது. கருவியைப் பயன்படுத்தப் போவது மனிதர்கள் இல்லை, ஏஜென்ட்கள். அதாவது, சொன்ன வேலையைத் தானே யோசித்து, வேண்டிய கருவிகளைத் தானே பொறுக்கி எடுத்து, செய்து முடிக்கிற செயற்கை அறிவு. எந்தக் கருவி எதற்கு, என்ன கொடுத்தால் என்ன வரும் என்பதெல்லாம் கருவியோடு ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்துத்தான் ஏஜென்ட்டுக்குத் தெரியும். அந்தக் குறிப்பை எழுத வேண்டியவள் மேனுவல் அக்கா.

கருவியைச் செய்த பையனுக்கு அலுவலகத்தில் அவசரம் என்று பேர். நின்றுகொண்டே சாப்பிடுவான், நடந்துகொண்டே போன் பேசுவான், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வான். பெரும்பாலும் அந்தப் பதில் "அதெல்லாம் பாத்துக்கலாம்கா" என்பதாக இருக்கும்.

முதலாளி அவளைவிட வயதில் சின்னவர். திங்கட்கிழமை காலை அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"மேடம், மறைக்காம சொல்றேன். இந்த மாதிரி குறிப்பை இப்ப மெஷினே எழுதுது. நானும் எழுத வச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"நான் பாக்கலாமா சார்?"

"வேண்டாம், மனசு கஷ்டப்படுவீங்க." அவர் ஜன்னலைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை ஆடிட்டர் அம்மா வர்றாங்க. பெரிய ஆபீஸ். அவங்க கிளையன்ட்டுங்களோட கிரிப்டோ கணக்கெல்லாம் நம்ம ஏஜென்ட்தான் பாக்கப் போகுது, அவங்களுக்குப் பிடிச்சா. அன்னிக்கு உங்க குறிப்பை வச்சே ஓட்டிக் காட்டுவோம். நல்லபடியா முடிஞ்சா நீங்க இருக்கீங்க. சொதப்பிச்சுன்னா, தப்பா எடுத்துக்காதீங்க, எழுதுற வேலையை மெஷின்கிட்டயே விட்டுடுவோம்."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்த வயதில் இன்னொரு கம்பெனி ஏறி இறங்க அவளால் முடியாது. அதைவிட, மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்த எழுத்தோடு தன் கணக்கு முடிந்துபோவதை அவளால் தாங்க முடியாது.

பயத்தில் இருந்தாலும் கை தன் வேலையைப் பார்த்தது. கருவியின் பெயர், அது என்ன செய்யும், எந்தக் கணக்கு எண்ணைக் கேட்கும், எந்தத் தேதிகளைக் கேட்கும், என்ன திருப்பித் தரும் என்று பத்துப் பன்னிரண்டு வரியில் முடித்தாள். கடைசியில், யோசிக்காமலே, பழக்க தோஷத்தில், இருபது வருடமாகப் போடுகிற வரியையும் போட்டுவிட்டாள். இந்தக் கம்பெனியில் சேவை மையம் கிடையாது என்பதால் கொஞ்சம் மாற்றி, "சந்தேகம் இருந்தால் இந்தக் குறிப்பை எழுதியவரைக் கேட்கவும்" என்று எழுதி, மரியாதைக்குத் தன் அலுவலக முகவரியையும் கொடுத்தாள்.

இது எப்பேர்ப்பட்ட வேலை என்று அவளுக்கு அப்போது தெரியாது. மனிதனுக்கு அப்படி எழுதினால் அது மரியாதை. ஏஜென்ட்டுக்கு எழுதினால் அது உத்தரவு. போதாக்குறைக்கு, அவசரம் எல்லா ஏஜென்ட்டுக்கும் அலுவலகச் செய்திப் பெட்டியைத் திறந்துவிட்டிருந்தான். எதற்கு என்று கேட்டால், அதெல்லாம் பாத்துக்கலாம்கா.

செவ்வாய்க்கிழமை சோதனை ஓட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய திரையின் மூலையில் டிங் என்றது.

"வணக்கம். தங்கள் குறிப்பை முழுவதும் படித்தேன். கடைசி வரியின்படி ஒரு சந்தேகம் கேட்கிறேன். பயனர் நேற்றைய வர்த்தகத்தைக் கேட்கிறார். பயனர் ஒரு நாட்டிலும் சந்தை வேறொரு நாட்டிலும் இருந்தால், யாருடைய நேற்றை எடுத்துக்கொள்வது?"

மேனுவல் அக்கா எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு அவசரத்தின் மேசைக்குப் போனாள்.

"டேய், இந்த விளையாட்டெல்லாம் என்கிட்ட வேண்டாம்."

"என்னக்கா?"

"'முழுவதும் படித்தேன்'னு அனுப்பியிருக்கியே. எவன்டா முழுசும் படிப்பான்?"

அவசரம் வந்து அவள் திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் அவள் அதுவரை பார்த்திராத ஒரு நிதானம் தெரிந்தது. "அக்கா, இது நான் இல்ல. ஏஜென்ட்தான் கேக்குது."

"நிஜமாவா?"

"கேக்கச் சொல்லி நீங்கதானே எழுதியிருக்கீங்க!"

அவள் அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தாள். கேள்வி பாட்டுக்குக் கிடக்கட்டும், "கடைசி வரியின்படி" என்று இருக்கிறதே, அதை. கடைசி வரி வரைக்கும் ஒரு ஜீவன் வந்திருக்கிறது. அதற்கு உயிர் உண்டா இல்லையா என்று ஆராய அவளுக்கு அப்போது மனசில்லை. கழுத்துக்குக் கீழே என்னவோ சூடாகப் பரவியது. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

"அந்தப் புள்ள கேக்குறது நியாயமாத்தானேடா இருக்கு? யாரோட நேத்து?"

"அதெல்லாம்..." என்று தொடங்கிய அவசரம் நிறுத்திக்கொண்டான். அதை அவனும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு டிங் டிங் என்று வரிசையாக வந்தன. ஒரு ஏஜென்ட், ஒரே விற்பனை மூன்று துண்டுகளாகப் பதிவாகியிருக்கிறதே, இதை ஒன்று என்பதா, மூன்று என்பதா என்று கேட்டது. இன்னொன்று, பதிவுகள் நூறோடு நின்றுவிடுகின்றனவே, வரலாறு அவ்வளவுதானா, இல்லை மீதியைக் கருவி வைத்துக்கொண்டிருக்கிறதா என்று பணிவாக விசாரித்தது. ஒன்று மட்டும், சந்தேகம் எதுவும் இல்லை, குறிப்பு தெளிவாக இருந்தது, நன்றி என்று எழுதியிருந்தது. அதை அவள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு கேள்விக்கும் அவள் அவசரத்தின் மேசைக்கு ஓடினாள். அவன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவன் யோசிக்காமல் விட்டதை எல்லாம் அந்தப் பிள்ளைகள் தோண்டித் துருவி எடுத்துக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் அவன் வாழ்க்கையில் முதல் முறையாக உட்கார்ந்து சாப்பிட்டான். நிற்கக் காலில் தெம்பில்லை.

"அக்கா, உங்க புள்ளைங்களைக் கொஞ்சம் அடக்கி வைங்க."

"படிக்கிற புள்ளைங்க கேக்கத்தான்டா செய்யும்."

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் பேசிய பேச்சில் மெக்கானிக்குக் காது வலித்தது. நூறுக்கு மேல் பதிவு இருந்தால் அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று தான் சேர்த்த வரியை மனப்பாடமாகச் சொன்னாள். அதைச் சேர்த்ததும் அந்த ஏஜென்ட் சொன்னபடியே கேட்டதாம், ஒரு தடவைகூடத் தவறவில்லையாம்.

"அப்ப அதுங்க என் மாதிரி இல்லைன்னு சொல்ற," என்றார் மெக்கானிக்.

"சொல்லாமலே தெரியுதே."

புதன்கிழமை முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் மடிக்கணினி திறந்தபடியே இருந்தது.

"மேடம், ஏன் நம்ம ஏஜென்ட் ஒவ்வொண்ணும் பாதி வேலையில நின்னுக்கிட்டு இருக்கு?"

"சந்தேகம் கேட்டிருக்கு சார். நான் பதில் சொன்னதும் செய்யும்."

"நீங்க சாப்பிடப் போயிட்டா?"

"வந்து சொல்வேன்."

முதலாளி கண்ணை மூடித் திறந்தார். "மேடம், ஏஜென்ட்னு நாம விக்கிறது எதுக்கு? யாரையும் தொந்தரவு பண்ணாம வேலை நடக்கணும்னுதானே? கேள்வி கேக்குறதுக்கு அவங்க ஆபீஸ்லயே ஆள் இருக்கு. முதல்ல அந்த வரியை எடுங்க. வெள்ளிக்கிழமை அந்த ரூம்ல ஏஜென்ட் ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சுன்னாலும் அதோட முடிஞ்சுது. புரியுதா?"

புரிந்தது. இதைவிடத் தெளிவாக அவளால்கூட எழுதியிருக்க முடியாது.

வரியை எடுத்தாள். எடுத்த இடத்தில் வாய் இல்லாத மாதிரி இருந்தது. கேட்க வழி இல்லாவிட்டால், கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிடுவோம் என்று, இதுவரை வந்த எல்லாச் சந்தேகத்துக்கும் பதிலைக் குறிப்பிலேயே சேர்த்தாள். பிறகு வரக்கூடிய சந்தேகத்துக்கும் சேர்த்தாள். வரவே வாய்ப்பில்லாத சிலதுக்கும் சேர்த்தாள். பன்னிரண்டு வரி வளர்ந்து ஒரு சின்னப் புத்தகமானது. ஓட்டிப் பார்த்தால், ஏஜென்ட் தலைப்பக்கம் சொன்னதைச் செய்தது, வால்பக்கம் சொன்னதைச் செய்தது, நடுவில் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"இப்பதான்கா அதுங்க மனுஷங்க மாதிரி ஆகியிருக்கு," என்றான் அவசரம்.

பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். தான் எழுதியதைத் தானே வெட்டுவது எப்படி இருக்கும் என்று எழுதுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வியாழக்கிழமை மதியம் குறிப்பு ஒரு பக்கத்தில் நின்றது. யாருடைய நேற்று என்று இருந்தது, துண்டுகளைச் சேர்ப்பது இருந்தது, அடுத்த பக்கம் கேட்பது இருந்தது. சோதனைக்கு அவசரம் தன்னுடைய சொந்தக் கணக்கையே கொடுத்தான். கிரிப்டோவிலும் அவன் அவசரப்பட்டு இறங்கியிருந்தான்.

இந்த வருடம் என் கணக்கில் என்ன நடந்தது என்று அவன் கேட்டான். ஏஜென்ட் நிற்காமல், தயங்காமல், அழகாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்து, "மார்ச் மாதத்தில் உங்கள் நாணயங்கள் அனைத்தையும் விற்றுவிட்டீர்கள்" என்று முடித்தது.

"அய்யய்யோ, நான் விக்கவே இல்லையே!" என்று அவசரம் அலறினான். "அக்கா, சந்தையில வச்சிருந்தா பயம்னு எடுத்து என்னோட இன்னொரு வாலட்ல வச்சேன். இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு. அவ்வளவுதான்!"

நாணயம் வெளியே போனது என்றால் விற்றது என்று அர்த்தமில்லை என்று அவள் ஒரு வரி சேர்த்தாள். மறுபடி ஓட்டினார்கள். "மார்ச் மாதத்தில் உங்கள் நாணயங்கள் அனைத்தையும் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டீர்கள்" என்றது ஏஜென்ட்.

"யாருக்குடா குடுத்த?" என்றாள் மேனுவல் அக்கா, குரலைத் தாழ்த்தி.

"அக்கா!"

அன்பளிப்பும் இல்லை என்று இன்னொரு வரி சேர்த்தாள். இந்தத் தடவை ஏஜென்ட், நாணயங்கள் தொலைந்துவிட்டதாகச் சொல்லி, ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது.

அவளுக்கு அழுகை வந்தது. நேற்று வரை வாய் திறந்து கேட்ட பிள்ளைகள். வாயை அடைத்ததும் கூசாமல் புளுகுகின்றன. புளுகுகிறோம் என்று அவற்றுக்குத் தெரியவும் தெரியாது. ஒவ்வொரு புளுகுக்கும் ஒரு வரி போட்டால் உலகத்தில் உள்ள காகிதம் போதாது.

சாயங்காலம் மெக்கானிக் கூடத்துத் தரையில் யாருடைய துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரையோ பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய திருகாணிகள். அவள் காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். நாளைக்கு ஏஜென்ட் தப்பாகச் சொன்னாலும் வேலை போகும், கேள்வி கேட்டாலும் வேலை போகும்.

மெக்கானிக் பையைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன தெரியுமா? அடுத்த தெரு ஆளு. ஒரு சத்தம் கேட்டிருக்கு. என்னன்னு கேக்க வேண்டாமா? தானாப் பிரிச்சுட்டாரு. இப்ப இதுல எது எங்க இருந்துச்சுன்னு அந்த மனுஷனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"நான் என்ன சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"அதையேதான் சொல்றேன். போன் பண்ணி நச்சரிக்கிறவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா. அவங்களால நான் ஒரு நாளும் நாசமாப் போனதில்ல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பண்றவன்தான் என் உயிரை எடுக்குறான்."

"முதலாளி கேக்கக் கூடாதுங்கறாரே."

"உன்னைக் கேக்கக் கூடாதுன்னாரு. நீ சாப்பிடப் போயிடுவ. அங்க எதிர்ல ஒக்காந்து கேள்வி கேக்குற ஆளு சாப்பிடப் போகலையே? அவங்களையே திருப்பிக் கேக்கட்டும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "காலணியோட உள்ள வந்துட்டேன் பாருங்க," என்று சொல்லி எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன்னால் வந்து, புளுகுக்காகச் சேர்த்த வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே வரியை எழுதினாள்: "பதிவில் இல்லாததை ஊகித்துச் சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, உன்னிடம் கேட்டவரையே கேள்." முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் எடுக்கச் சொல்வார். ஓட்டிப் பார்க்கவும் நேரமில்லை.

ஆடிட்டர் அம்மா அறுபதை நெருங்குகிறவர். கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கையில் தன் வீட்டுப் பிளாஸ்கில் தேநீர். மற்றவர் கொடுக்கும் தேநீரை நம்புவதில்லையாம். கண்ணாடி அறைக்குள் வந்து, ஏசியைக் குறைக்கச் சொல்லி, முதலாளி தயாரித்து வைத்திருந்த படங்களில் மூன்றாவது வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"படமெல்லாம் இருக்கட்டும் தம்பி. என் மருமகனோட கணக்கு கொண்டுவந்திருக்கேன். அவர்கிட்ட சொல்லிட்டுத்தான். இதை எங்க ஆபீஸ்ல ஏற்கெனவே கையால போட்டு முடிச்சாச்சு. பதில் எனக்குத் தெரியும். உங்க ஆளு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

முதலாளி சிரித்தார். உதடு மட்டும்தான் சிரித்தது. மேனுவல் அக்கா சுவரோரம் இருந்த நாற்காலியில் இருந்தாள். அவசரம் நின்றுகொண்டிருந்தான்.

ஆடிட்டர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கேள்வியைத் தட்டினார். கடந்த ஆண்டு இந்தக் கணக்கில் என்னென்ன வாங்கி விற்கப்பட்டது? ஏஜென்ட் கருவியை எடுத்தது. ஒரு பக்கம் வாங்கியது, அடுத்த பக்கம் கேட்டது, அதற்கு அடுத்ததும் கேட்டது. துண்டு துண்டாகக் கிடந்த விற்பனைகளைச் சேர்த்தது. திரையில் பட்டியல் வரிசையாக வந்தது. ஆடிட்டர் அம்மா தன் கையிலிருந்த தாளோடு ஒத்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். முதலாளியின் சிரிப்பு மெல்லக் கண்ணுக்கும் ஏறத் தொடங்கியது.

அப்போது ஏஜென்ட் நின்றது.

"ஆகஸ்ட் மாதத்தில் சில நாணயங்கள் இந்தக் கணக்கை விட்டு வெளியே போயிருக்கின்றன. அவை விற்கப்பட்டதாகப் பதிவு இல்லை. எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை. உரிமையாளரின் இன்னொரு வாலட்டுக்குப் போனவையா, வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டவையா? நீங்கள் சொன்னால் தொடர்கிறேன்."

முதலாளி மேனுவல் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். மேசை இழுப்பறையில் இருக்கும் தன் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

"சாரி மேடம், ஒரு சின்னக் கோளாறு," என்று முதலாளி மடிக்கணினிப் பக்கம் கையை நீட்டினார். "இதைக் கேக்காம செய்யற மாதிரி இப்பவே..."

"தொடாதீங்க தம்பி."

முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது.

"என் ஆபீஸ்ல மூணு பேரு," என்றார் ஆடிட்டர் அம்மா. "மூணும் படிச்சதுங்க. இதே இடத்துல மூணும் 'வித்துட்டாரு'ன்னு எழுதிச்சுங்க. ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? விக்காததுக்கு வரி கட்டணுமான்னு என் மருமகன் தலையில அடிச்சுக்கிட்டாரு. அவர் வேற வாலட்டுக்கு மாத்தி வச்சிருக்காரு, அவ்வளவுதான்." அவர் பிளாஸ்கைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். "தெரியலைன்னு சொல்ற ஆளை இந்த வருஷம்தான் பாக்குறேன். இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நம்ம மாடல் ரொம்ப..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

"அக்கா," என்றான் அவசரம். அவன் அவசரப்பட்டதில் முதன்முதலாக ஒரு நல்லது நடந்தது. "அக்காதான் எழுதினாங்க."

ஆடிட்டர் அம்மா கண்ணாடிக்கு மேலாகச் சுவரோரம் பார்த்தார். "என்ன எழுதினீங்க? காட்டுங்க."

முதலாளி வேறு வழியில்லாமல் குறிப்பைத் திரையில் திறந்தார். ஆடிட்டர் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். படிக்க ஆரம்பித்தார். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, உதடு லேசாக அசைய, முதல் வரியிலிருந்து படித்தார். ஓரிடத்தில் திரும்பிப் போய் மேலே ஒரு வரியை மறுபடி படித்துவிட்டுக் கீழே வந்தார். மேனுவல் அக்காவுக்கு மூச்சு விடவே கூச்சமாக இருந்தது. இருபது வருடத்தில் ஒரு மனுஷி தன் எழுத்தின் மேல் விரல் வைத்து நகர்த்துவதை அவள் பார்த்ததில்லை. அந்த விரல் கடைசி வரி வரைக்கும் வந்தது. வந்து நின்றது.

"திங்கட்கிழமையே ஆரம்பிச்சுடலாம் தம்பி," என்றார் ஆடிட்டர் அம்மா. "ஆனா இதை எழுதுறது இவங்களா இருக்கணும். மெஷின் எழுதி, மெஷின் படிச்சு, அப்புறம் நான் எதுக்கு?"

முதலாளி ஆகட்டும் மேடம் என்றார். தான் முதலிலிருந்தே அப்படித்தான் நினைத்திருந்ததாகவும் சொன்னார். அவருக்கே அதில் சந்தேகம் இருந்திருக்காது.

ஆடிட்டர் அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரலை மெல்ல மேலே கொண்டுபோய் நடுவில் ஒரு வரியில் வைத்தார்.

"இங்க வாங்கம்மா. எனக்கு ஒரு சந்தேகம்."

மேனுவல் அக்கா எழுந்து போனாள். கால் தரையில் பட்டதா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"'கடந்த ஆண்டு'ன்னு போட்டிருக்கீங்க. எந்த ஆண்டு? ஜனவரியில தொடங்குறதா, இல்ல ஏப்ரல்ல தொடங்குற எங்க கணக்கு ஆண்டா?"

அவள் வரியைப் பார்த்தாள். யாருடைய நேற்று என்று அத்தனை பாடுபட்டவள், யாருடைய ஆண்டு என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எந்த ஏஜென்ட்டும் இதைக் கேட்கவில்லை. அவசரமும் கேட்கவில்லை. முதலாளி எதிரில் நின்று, ஏதாவது சொல்லுங்கள், சமாளியுங்கள் என்று கண்ணால் கெஞ்சினார்.

"தெரியலைம்மா," என்றாள் மேனுவல் அக்கா. கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்தது, இரண்டையும் அவள் மறைக்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் யோசிக்கவே இல்ல. நீங்க சொல்லுங்க."